கீரை இல்லாத பச்சை

ஜூன் 6, சனிக்கிழமை

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தே இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால் வெறும் வணக்கம். நான் வாலுவின் அம்மா. போன வருடம் அவள் பள்ளி வாசலில் நாம் ஒரு தடவை பார்த்திருக்கிறோம். நீங்கள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். நானும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனை அவர் எடுப்பார். நீங்களே எடுத்தாலும் நான் பாதி சொல்வதற்குள் சண்டை வந்துவிடும். எழுதினால் படித்து முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதற்காகத்தான். வாலுவின் பையில் வைத்து அனுப்புகிறேன். "சித்தி கையில மட்டும் குடு" என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன முறை உங்கள் வீட்டிலிருந்து திரும்பியபோது அவள் மேலுதட்டில் பச்சை மீசை இருந்தது. "சித்தி கீரையையும் வாழைப்பழத்தையும் மிக்ஸியில போட்டு அடிச்சாங்கம்மா. தவளை கலர்ல இருந்துச்சு. ஆனா இனிப்பு!" என்றாள். என் வீட்டில் கீரை என்றால் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறவள். எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமையும் கொஞ்சம் வந்தது, மறைப்பானேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. அடுத்துச் சொன்னாள்: "அப்பாவுக்குப் பெரிய டம்ளர். தினமும் காலையில. ஒரே மூச்சுல குடிச்சிட்டு ஏவ்வ்னு ஏப்பம் விடுவார்."

அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அவர் நெஞ்சுக்குள் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டியாகிவிடாமல் இருக்க உயிருள்ளவரை ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். கீரையில் இருக்கிற ஒரு சத்து அந்த மாத்திரைக்கு நேர் எதிரி. மாத்திரை ஒரு பக்கம் இழுத்தால் கீரை மறுபக்கம் இழுக்கும். தட்டில் ஒரு கரண்டி வைத்தால் பரவாயில்லை. நீங்கள் ஒரு கட்டுக் கீரையையே அரைத்து டம்ளரில் ஊற்றுகிறீர்கள். அந்த மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, ரத்தம் உறையும் அளவு பார்க்கிற டெஸ்டுக்குப் போகிறாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

உடனே நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்டால் கீரை கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். என் பெயரை எடுக்காதீர்கள், எடுத்தால் வேண்டுமென்றே இன்னும் ஒரு டம்ளர் குடிப்பார்.

வாலுவின் அம்மா


ஜூன் 7, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு வயதுப் பிள்ளையைத் தபால்காரியாக்கியிருக்கிறீர்கள். "சித்தி, இது ரகசியமாம்" என்று அவர் காதில் விழும்படிதான் கத்திக்கொண்டு கொடுத்தாள். நல்ல வேளை, அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் ஒன்றும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அவர் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தபோது எப்படி இருந்தார் தெரியுமா? டிரைவிங் ஸ்கூல் காரில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்து, டீயும் பன்னுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு, கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு வந்தார். ஃபிரேம் எடுத்து முகத்தில் வைத்தால் எதுவும் நிற்கவில்லை. அந்த முகத்துக்குத்தான் நான் காலையில் எழுந்து கீரை ஆய்கிறேன்.

நீங்கள் நினைப்பதுபோல் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டு அரைப்பதில்லை. பசலைக் கீரையைக் காம்பு கிள்ளி மூன்று தண்ணீரில் அலசுவேன். முதலில் இலையையும் தண்ணீரையும் மட்டும் அடிக்க வேண்டும். அப்புறம்தான் பழம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நார் பல்லில் மாட்டும். வாழைப்பழம் குழைவுக்கு, அன்னாசி கீரை வாடையை அமுக்க, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை, நிறம் மாறாமல் இருக்க. வடிகட்ட மாட்டேன். சக்கையோடு குடித்தால்தான் பலன். தட்டில் வைத்தால் ஓரம் கட்டுகிற மனிதர் இதைக் குடித்துவிட்டு டம்ளரை விரலால் வழிக்கிறார்.

ஆபரேஷன் நடந்தது எனக்கும் தெரியும். தழும்பைப் பார்க்காமலா குடும்பம் நடத்துகிறேன்? ராத்திரி அறை அமைதியானால் உள்ளே டிக் டிக் என்று கேட்கும். நானும் அங்கேதான் தலை வைத்துப் படுக்கிறேன். நான் பயந்தபோது அவர் சொன்னார்: "ரிப்பேர் முடிஞ்ச வண்டி இது. இனிமே ஓட்ட வேண்டியதுதான் பாக்கி." இந்த வீட்டில் அவர் மாத்திரை எதுவும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்கிற அளவுக்கு ஆபத்து என்றால் கட்டின மனைவியிடம் சொல்லாமல் இருப்பாரா?

இன்னொன்றும் சொன்னார். "அவ வீட்டுல கீரைய கண்ணுலயே காட்ட மாட்டா. எனக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சே." அதை இப்போது உங்கள் கையெழுத்திலேயே படித்துவிட்டேன்.

பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவளுக்கு மட்டும் கொடுக்காமல் நிறுத்துகிறேன்.

அவர் மனைவி


ஜூன் 20, சனிக்கிழமை

அவர் மனைவிக்கு,

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்ல நான் எழுதவில்லை. ஆத்திரத்தில் எழுதினால் எனக்கும் ஒற்று விட்டுப்போகும் என்பதால் இரண்டு வாரம் பொறுத்து எழுதுகிறேன்.

கீரையைக் கண்ணில் காட்டாதவள் நான்தான். ஏன் காட்டவில்லை என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

வாலு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீர் கேட்க என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. கையிலிருந்த கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. அவர் அந்தக் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. "கிளட்ச் மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. சின்னக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டு, தானாகக் கரைந்திருக்கிறது என்றார். அடுத்தது கரையும் என்று உத்தரவாதம் இல்லை என்றார். ஒரு வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன், சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் மாத்திரை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். டெஸ்டுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாள் வண்டி பழக வந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அன்று மாலை சொன்னார்: "எனக்குப் பொண்டாட்டி வேணும். நர்ஸ் வேணாம்." கோர்ட்டில் கையெழுத்துப் போட்டது பிறகுதான். எங்கள் வாழ்க்கை முடிந்தது அந்த மாலையில்.

நான் உங்கள் வாழ்க்கையில் மண்ணைப் போட வரவில்லை. எனக்கு அவர் திரும்ப வேண்டாம். என் மகளுக்கு அப்பா வேண்டும்.

நம்பாவிட்டால் ஒன்று செய்யுங்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியைத் திறந்து, வண்டி பேப்பர்களுக்கு அடியில் பாருங்கள். என் காலத்தில் என்னிடமிருந்து எதை மறைத்தாலும் அங்கேதான் மறைப்பார்.

வாலுவின் அம்மா


ஜூலை 5, ஞாயிறு

வணக்கம்.

போன தடவை வாலுவின் பையில் பதில் இல்லாததற்குக் காரணம் கோபம் இல்லை. அன்றைக்கே கார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு எழுதக் கை வரவில்லை.

பேப்பர்களுக்கு அடியில் எங்கள் கடைக் கண்ணாடிக் கூடு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அவருக்குக் கொடுத்தது, நீல வெல்வெட் வைத்தது. கண்ணாடியை எப்போதும் சட்டைப் பையில்தான் வைப்பார், கூடு எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றார். அதற்குள் மாத்திரை அட்டைகள். பாதி தீர்ந்திருந்தன. அட்டையைப் புரட்டி, மருந்துக் கடையில் வேலை செய்யும் என் சிநேகிதியிடம் பெயரைச் சொன்னேன். நீங்கள் எழுதியதையே அவளும் சொன்னாள்.

அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். கேட்க வாயெடுத்தேன், அன்றைக்குப் பார்த்து அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஒரு ரிட்டயர்டு அம்மாவுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த கதையை நடித்துக் காட்டினார். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் அந்த அம்மா "அண்ணன் தம்பி"ன்னு பேர் வச்சிருந்தாங்களாம். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனேன். சிரிக்கும்போதே ஒரு நினைப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தானே இவர் என்னிடம் இப்படி இருக்கிறார்? எனக்குத் தெரியாது என்பதற்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாரோ? தெரிந்துவிட்டது என்று சொன்ன நிமிடத்தில் நானும் நர்ஸ் ஆகிவிட மாட்டேனா?

அதனால் சொல்லாமலே செய்துவிட்டேன். இரண்டு வாரமாக டம்ளரில் கீரை இல்லை. பச்சை ஆப்பிள், அன்னாசி, வாழைப்பழம், கேக்குக்குப் போடுகிற பச்சைச் சாயம் ஒரு சொட்டு. பார்க்க அச்சு அசல் அதேதான். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடி, கீரை வாடையே காணோம்?" என்றார். "பிஞ்சுக் கீரை, அதான்" என்றேன். "பேஷ்" என்று குடித்துவிட்டார். எனக்குப் பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது. இந்த வீட்டுக் காற்றில் இருக்கிறதோ என்னவோ.

நீங்கள் சொன்னபடி நிறுத்தியாயிற்று. இனி பயம் இல்லையே? ஒரு வரி எழுதுங்கள். வாலு வர இரண்டு வாரம் ஆகும், அதனால் என் கடை விலாசத்துக்கே அனுப்புங்கள்.

போன கடிதத்தில் கையெழுத்துப் போட்ட விதத்துக்கு வருந்துகிறேன்.

வாலுவின் சித்தி


ஜூலை 8, புதன்

தங்கச்சிக்கு,

இப்படி எழுதலாமா? பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் புரூஃப் கட்டுக்கு அடியில் வைத்துத்தான் படித்தேன். மேலதிகாரி வந்து "என்னம்மா, கண்ணு கலங்குது?" என்றார். மை நாற்றம் என்று சொல்லிவிட்டேன். பார்த்தீர்களா, பொய் எனக்கும் சுலபமாகத்தான் வருகிறது.

நிறுத்தியது நல்ல காரியம். மனதிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல் இருக்கிறது. சாயம் போடுகிற யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. நான் நேருக்கு நேர் முட்டுகிற ஜாதி. நீங்கள் சுற்றிப் போகிறவர். என்னைவிடச் சமர்த்து. நான் முட்டி முட்டித் தலைதான் வீங்கிற்று.

அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றே எனக்கும் படுகிறது. சொன்னால் என்ன நடக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? மாத்திரையைக் காரில் வைத்தாவது சாப்பிடுகிறார் என்பதே பெரிது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்த வாலு, "அப்பா கையில மை கொட்டியிருக்கும்மா, சோப்பு போட்டாலும் போகல" என்றாள். ஜாக்கி தூக்கும்போது இடித்திருக்கலாம். ஆனாலும் பாருங்கள். முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருக்கிறதா? பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா? வந்தால் தள்ளிப்போடாமல் டெஸ்டுக்கு அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

வாலு சாயம் போட்ட ஜூஸைக் கண்டுபிடித்துவிட்டாள், தெரியுமா? "சித்தி செஞ்சது இந்த வாட்டி மிட்டாய் மாதிரி இனிச்சது" என்றாள். அவளிடம் ஜாக்கிரதை.

அன்புடன்,
அக்கா (இதையும் வேண்டுமானால் அடித்துவிடுங்கள்)


ஜூலை 15, புதன், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து

உங்களைப் போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன். சுற்றிலும் நோயாளிகள். அதனால் எழுதுகிறேன். கடையில் வேலை செய்கிற பெண் இதை உங்கள் அச்சகத்தில் கொடுப்பாள். இந்தச் சனிக்கிழமை வாலுவை அனுப்ப வேண்டாம்.

நேற்றுக் காலை முகம் கழுவப் போனவர் கூப்பிட்டார். சாதாரணமாகத்தான் கூப்பிட்டார், துண்டு கேட்பதுபோல. போய்ப் பார்த்தால் தொட்டியெல்லாம் ரத்தம். மூக்கிலிருந்து நிற்காமல் ஒழுகுகிறது. பஞ்சு வைத்தேன், ஐஸ் வைத்தேன், நிமிரச் சொன்னேன், குனியச் சொன்னேன். இரண்டு துண்டு நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றினோம். அப்போதும் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, துண்டுக்குள்ளிருந்து, "செகண்ட் கியர்ல போங்க சார், இன்ஜின் அடிக்குது" என்கிறார்.

கையில் கன்றியிருந்ததை உங்கள் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். ஜாக்கி என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

எமர்ஜென்சியில் சின்ன வயது டாக்டரம்மா. சட்டையை வெட்டினார்கள். முதுகு, தொடை எல்லாம் நீலத் திட்டு. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர், "இவருக்கு ரத்தம் உறையிற சக்தியே போயிடுச்சு. சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

அவர் சொன்னார்: "ஒண்ணும் மாத்தல டாக்டர். அதே சாப்பாடு. காலையில பச்சை ஸ்மூத்தி, நிறைய கீரை போட்டு. மாசக்கணக்கா அதான்."

டாக்டரம்மா கையிலிருந்த அவருடைய கிளினிக் சீட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "கீரையா? தினமுமா? கிளினிக்ல இத சொன்னீங்களா?"

"கேக்கலையே."

"அளவு ஏறவே மாட்டேங்குதுன்னு மாத்திரைய ஏத்திக்கிட்டே வந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஏத்தியிருக்காங்க. ஏன்னு யாருக்கும் புரியல. சரி, கீரை அப்படியே இருக்குன்னா இப்ப எதுக்கு ரத்தம் வருது?"

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

"அதுல கீரை இல்ல டாக்டர்," என்றேன். "மூணு வாரமா இல்ல. நான் சாயம் போட்டுக் குடுத்தேன்."

அவர் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்படியே திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

அவர் டெஸ்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார். மாதா மாதம். எனக்குத் தெரியாமல், உங்களுக்குத் தெரியாமல், தானாக. நான் கீரை ஊற்றிய அளவுக்கு அங்கே மாத்திரையை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டும் சரிக்குச் சரியாக நின்றிருக்கிறது. நான் ஒரு பக்கத்தைச் சட்டென்று உருவினேன். மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

யார் உருவச் சொன்னது? "உடனே நிறுத்திவிடுங்கள்" என்று எழுதியது யார்?

கீரையில் இருக்கிற அதே சத்தை இப்போது மருந்தாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். அதிகமானால் வால்வில் கட்டிக்கொள்ளுமாம். குறைந்தால் தலைக்குள் ரத்தம் கசியுமாம். நாளைக்குள் எந்தப் பக்கம் என்று தெரியும் என்கிறார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.


ஜூலை 16, வியாழன்

தங்கச்சிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். உள்ளே வந்திருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து இன்னொரு யுத்தம் நடந்திருக்கும். பழக்கடைக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் மூன்றாவது மாடி ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காவலாளியிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கோபப்படுங்கள். நியாயம்தான். "நிறுத்துங்கள்" என்று எழுதினேன். "டாக்டரைக் கேட்டு" என்று இரண்டு சொல் சேர்க்கத் தோன்றவில்லை. பழைய காலத்து விதி ஒன்றை வைத்துக்கொண்டு, அது இன்றைக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். அவர் டெஸ்டுக்குப் போக மாட்டார் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். என் கை விட்டால் விழுந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் தானாக நடந்து போயிருக்கிறார். அதைப் படித்தபோது சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? எனக்கு முதலில் வந்தது அது இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபத்தோடாவது கேளுங்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்தோம். அவர் மாத்திரையை மறைத்தார். நீங்கள் கீரையை மறைத்தீர்கள். நான் பிள்ளையின் பையில் மறைந்துகொண்டேன். டாக்டர்கள் பாவம், நம் மூன்று பேரின் பொய்யையும் கூட்டிக் கழித்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். இனி ஒரு சொட்டும் மறைக்க வேண்டாம். அவருக்குப் பேசத் தெம்பு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கடிதங்களை மறைக்காதீர்கள். நான்தான் ஆரம்பித்தேன் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

கோபத்தில் "வாலு இனி இங்கே வர வேண்டாம்" என்று சொல்வார் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். சொல்லட்டும். அவர் இருந்தால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்.

ஒரு விஷயம் மட்டும் தெரிவியுங்கள். இருக்கிறார் என்று. அதற்குமேல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

அக்கா


ஆகஸ்டு 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று இரவே கடை எண்ணிலிருந்து உங்கள் அச்சகத்துக்கு "இருக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா? வந்திருக்கும். இல்லையென்றால் நீங்கள் மூன்றாவது மாடி ஏறி வந்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் மாலையே எல்லாக் கடிதங்களையும் மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினார். "ரெண்டு பேரும் சேந்து என்னைய ஒரு பொம்மையாக்கி வச்சிருக்கீங்க" என்றார். உங்களைச் சொன்னதை எழுத மாட்டேன். என்னைச் சொன்னதையும் எழுத மாட்டேன். எல்லாம் முடிந்து தொண்டை கட்டியதும் நான் சொன்னேன்:

"நான் உங்க வாயைத் திறந்து பாக்க மாட்டேன். டெஸ்டுக்கு இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். ஆனா இந்த வீட்டுல இனிமே யாருக்கும் தெரியாம யாரும் எதையும் முழுங்கக் கூடாது. முடியாதுன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எந்த அக்கா? உனக்குத்தான் அக்காவே கிடையாதே?" என்றார்.

நான் உங்கள் கடிதங்களை ஒன்றாக அடுக்கினேன். அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தனியாகக் கிளினிக்குக்குப் போனார். வந்து, கையில் ஒட்டிய பஞ்சோடு, சமையலறையில் நின்றார். டாக்டர் சொன்னதை ஒப்பித்தார். கீரை விஷம் இல்லையாம். ஒரு நாள் கட்டுக் கணக்கில், ஒரு நாள் ஒன்றுமில்லாமல் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தினமும் ஒரே அளவு, ஒரு கைப்பிடி. மாத்திரையை அதற்குத் தகுந்தபடி அவர்கள் வைத்துக்கொள்வார்களாம். இப்போதைக்கு வாரா வாரம் டெஸ்ட். இதைச் சொல்லிவிட்டு, "நகரு, நானே செய்யறேன்" என்று மிக்ஸி பக்கம் போனார். மூடியை அழுத்தாமல் போட்டுவிட்டார். சுவரெல்லாம் பச்சை. அலமாரிக்கு மேலே கூட ஒரு இலை. திட்டிக்கொண்டே துடைத்தேன். அவரும் துடைத்தார். இப்போது தினமும் அவர்தான் செய்கிறார். கைப்பிடி அளவுக்கு மேல் ஒரு இலை வந்தாலும் எடுத்து வெளியே வைத்துவிடுகிறார். எனக்குப் பாதி டம்ளர். நார் பல்லில் மாட்டுகிறது, நான் சொல்லவில்லை.

வாலு அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வரட்டும். "பிள்ள மேல எனக்கு என்ன கோபம்" என்றார்.

அக்கா, இதுதான் நான் உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதம். நீங்களும் இனி எழுத வேண்டாம். நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் நீங்கள் இருந்தால், நான் அவரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டுவிடுவேன். அது எனக்குச் சுலபம். அவரிடம் கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நான் பட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்று காலை நடந்ததை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்வது சரியா என்றும் தெரியவில்லை. டெஸ்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தவர் போகாமல் நின்றார். ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பாமலே, தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "ஒவ்வொரு தடவை ஊசி குத்தும்போதும் எனக்குப் பயமா இருக்குடி. கூட வர்றியா?"

நான் செருப்பைத் தேடினேன். ஒரு கால்தான் கிடைத்தது. அடுத்த காலுக்கு எது அகப்பட்டதோ அதை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

உங்களிடம் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா, அக்கா?

பதில் எழுத வேண்டாம்.

தங்கச்சி